பூட்டு எதில் தொங்குகிறது

பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. சிக்கலே அதுதான்.

கல்லூரி முதல்வர் அறையின் நீள மேசையில் பழைய செய்தித்தாள் ஒன்றை விரித்து, அதன்மேல் பூட்டையும் சங்கிலியையும் பிணத்தைக் கிடத்துவதுபோலக் கிடத்தியிருந்தார்கள். விசாரணைக் குழுவின் தலைவி என்பதால் அறம் மேடம்தான் முதலில் பார்க்க வேண்டும் என்றார் முதல்வர். மேடம் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சங்கிலியைக் கண்ணி கண்ணியாக விரலில் ஓட்டிப் பார்த்தார். அறுத்த இடம் இல்லை. ஒட்டவைத்த இடமும் இல்லை. சாவித் துவாரத்தில் கம்பியை விட்டுக் கிண்டிய தடம் இல்லை. விடுதி வார்டன் தன் இடுப்புக் கொத்திலிருந்த சாவியைப் போட்டுத் திருப்பியதும் பூட்டு நல்ல பிள்ளையாக வாயைத் திறந்தது, அழுத்தியதும் மூடிக்கொண்டது.

"பாத்தீங்களா?" என்றார் முதல்வர், ஏதோ தானே செய்த பூட்டுபோல. "பூட்டு சரியா இருக்கு. சங்கிலி சரியா இருக்கு. ஆனா ஒரு மாடிப் பொண்ணுங்க மொத்தமும் வெளிய நிக்குது. எப்படி?"

நடந்தது இதுதான். போன வாரம் ஒரு மதியம், மாணவிகள் விடுதியின் கீழ்த்தளத்தில் யாரோ அணைக்க மறந்த இஸ்திரிப் பெட்டி, கீழே விரித்திருந்த பஞ்சு மெத்தையைப் பொசுக்கிவிட்டது. தீ பெரிதாக எழவில்லை. ஆனால் பஞ்சு எரிவதைவிடப் புகைவது மோசம். சூடான புகை மேலேதான் ஏறும். ஏறுவதற்கு வழி தேடும். படிக்கட்டு கிடைத்தால் அதையே புகைபோக்கியாக்கிக்கொள்ளும். அப்படித்தான் இரண்டாம் மாடிப் பெண்கள் இறங்க வேண்டிய படிக்கட்டிலேயே அவர்களைத் தேடிக்கொண்டு புகை ஏறி வந்தது. அந்த மாடியின் கடைசியில் ஓர் அவசரக் கதவு உண்டு. இரட்டைக் கதவு. தள்ளினால் வெளிப்பக்கம் திறக்கும். திறந்தால் இரும்புப் படிக்கட்டு, பின்முற்றம். ஆனால் விடுதி கட்டிய நாளிலிருந்து அந்தக் கதவின் இரண்டு கைப்பிடிகளுக்கும் நடுவே உள்பக்கத்தில் சங்கிலி கோத்துப் பூட்டியிருந்தது. சாவி வார்டன் இடுப்பில். வார்டன் அன்று பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

காவலாளி பின்முற்றத்துக்கு ஓடியபோது அந்த மாடிப் பெண்கள் அத்தனை பேரும் இருமிக்கொண்டு அங்கே நின்றார்கள். அவர் இரும்புப் படியேறிக் கதவை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. புகை அடங்கிய பிறகு உள்வழியாகப் போய்ப் பார்த்தார்கள். சங்கிலி கோத்தபடி, பூட்டு பூட்டியபடி.

கதவு எப்படித் திறந்தது என்று ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். எல்லாரும் சொல்லிவைத்ததுபோல ஒரே பதில்: "திறந்துதான் இருந்துச்சு சார்." ஒரே ஒருத்தி மட்டும் பின்முற்றத்தில் இல்லை. கடைசி ஆளாக, ஈரத் துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு, புகை வந்த முன்படிக்கட்டு வழியாகவே இறங்கி வந்தாள். எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி கேட்பதால் வகுப்பில் அவளுக்கு வக்கீல் என்று பெயர்.

முதல்வரின் கணக்கு சுத்தமாக இருந்தது. யாரோ அவளுக்கு ஒரு கள்ளச்சாவி கொடுத்திருக்கிறார்கள். அவள் உள்ளேயிருந்து திறந்து எல்லாரையும் அனுப்பிவிட்டு, மறுபடி பூட்டிவிட்டு, சாவியோடு முன்பக்கம் வந்திருக்கிறாள். கொடுத்தவர் யார் என்று சொன்னால் எச்சரிக்கையோடு விட்டுவிடலாம். சொல்லாவிட்டால் அவளைக் கல்லூரியிலிருந்தே அனுப்பிவிடுவது. வார்டனும் கூடவே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

குற்றச்சாட்டைத் தட்டச்சு செய்து ஆளுக்கொரு பிரதி வைத்திருந்தார்கள். 'அனுமதியின்றி அவசரக் கதவைத் திறந்தது.' அறம் மேடம் அதை இரண்டு முறை படித்தார். பிறகு வேறு யாருக்காவது சிரிப்பு வருகிறதா என்று மேசையைச் சுற்றிப் பார்த்தார். வார்டன் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். குழுவின் இன்னொரு உறுப்பினரான கணக்கு சார் தன் பிரதியின் ஓரத்தில் முக்கோணம் வரைந்துகொண்டிருந்தார்.

இந்தக் குழுவுக்கு அவர் தலைவியானதே ஒரு சொல்லால் வந்த வினை. அவர் நடத்தும் பாடத்துக்கு அறவியல் என்று பெயர்; அதனால்தான் எல்லாருக்கும் அவர் அறம் மேடம். எது சரி, எது தவறு, அதை எப்படி யோசிப்பது என்பதுதான் பாடம். ஆனால் கால அட்டவணையில் அதை 'ஒழுக்கவியல்' என்று போட்டிருந்தார்கள். அலுவலகத்தில் யாரோ அதைப் பார்த்துவிட்டு, ஒழுக்கம் என்றால் ஒழுங்கு, ஒழுங்கு என்றால் ஒழுங்கு நடவடிக்கை என்று மூன்றே தாவலில் தாவி, அவரைக் குழுவில் போட்டுவிட்டார்கள். அன்றே அவர் முதல்வரிடம் போய் விளக்கிச் சொன்னார். வரிசையில் நிற்பது ஒழுங்கு, வரிசை எதற்காக என்று கேட்பது அறம் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். முதல்வர் சிரித்துக்கொண்டே, "அப்ப நீங்கதான் மேடம் பொருத்தமான ஆளு" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு ஜீன்ஸ் போட்ட பையன், வகுப்பில் போன் பார்த்த பெண், சுவரில் இதயம் வரைந்த காதலன் என்று எல்லா வழக்கும் அவரிடமே வந்தன.

இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது அவர் தத்துவம் சொல்லிக்கொடுக்க வந்து. முதலில் வேலை பார்த்த கல்லூரியில் தத்துவத் துறை என்று ஒரு துறையே இருந்தது. ஒரு வருடம் மூன்று பேர்தான் சேர்ந்தார்கள் என்று மூடிவிட்டு, அந்த அறையை ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்துவிட்டார்கள். பிறகு செவிலியர் கல்லூரி, வணிகக் கல்லூரி, இந்தப் பொறியியல் கல்லூரி என்று பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினார். எல்லா இடத்திலும் ஒரே நேரம்தான் கிடைக்கும்: மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த மணி. பாடத்திட்டத்தில் இருக்க வேண்டும், இலையில் ஓரமாக ஒதுங்கியும் கிடக்க வேண்டும், கறிவேப்பிலை மாதிரி. அதிலெல்லாம் அவருக்குக் கோபம் வந்ததில்லை. தூங்கும் பிள்ளைகளை எழுப்புவது அவருக்குக் கைவந்த கலை. கோபம் இப்போதுதான் வந்தது, இந்த அறையில், செய்தித்தாள்மேல் கிடந்த பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது.

வக்கீலை உள்ளே கூப்பிட்டார்கள். குள்ளமான பெண். கட்டை விரல் நகம் பாதி பிய்ந்திருந்தது.

"சாவி யார் குடுத்தா?" என்றார் முதல்வர்.

"யாரும் குடுக்கல சார்."

"அப்ப கதவு காத்துல திறந்துச்சா?"

"அவசரக் கதவு அவசரத்துக்குத் திறந்துச்சு சார்."

கணக்கு சாரின் முக்கோணம் நின்றது. முதல்வருக்குக் கோபம் வரவில்லை; அவருக்கு வரவே வராது. அதுதான் அவருடைய பலம். "நல்லாப் பேசற. சரி, யோசிச்சுப் பாரும்மா. அந்தக் கதவைத் திறந்து போட்டா யார் வேணா உள்ள வரலாம். பொண்ணுங்க யார் வேணா வெளிய போகலாம். பெத்தவங்க எங்களை நம்பி விட்டிருக்காங்க. உங்க பாதுகாப்புக்குத்தான் பூட்டு. பாதுகாப்புக்காகப் போட்ட பூட்டைத் திறந்தா அது பாதுகாப்புக்கு விரோதமா இல்லையா?" பிறகு அவர் திரும்பி, "மேடம், நீங்களே சொல்லுங்க. உங்க சப்ஜெக்ட்தானே?" என்றார்.

அந்தப் பெண் அறம் மேடத்தைப் பார்த்தாள். அவர் வாயைத் திறந்தார். முதல்வரின் வாதத்தை எந்த இடத்தில் பிடிப்பது என்று தெரியவில்லை. ஒரு வரி அடுத்த வரியில் கச்சிதமாகப் போய் மாட்டிக்கொண்டது. "எனக்கு யோசிக்க ரெண்டு நாள் வேணும் சார்," என்றார். தன் குரலைக் கேட்டு அவருக்கே அருவருப்பாக இருந்தது.

"தாராளமா. வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டுடலாம். அப்புறம் மேடம், உங்க பேரை இந்த வருஷம் நிரந்தரத்துக்கு அனுப்பியிருக்கேன். இத்தனை வருஷமா ஒப்பந்தத்துலயே ஓட்டிட்டீங்க." பூட்டையும் சங்கிலியையும் செய்தித்தாளோடு சுருட்டி இழுப்பறையில் வைத்தார். விடுதிக் கதவில் அன்றைக்கே வேறு சங்கிலியும் இதைவிடப் பெரிய பூட்டும் போட்டாகிவிட்டது.

வெளியே மரப் பெஞ்சில் வக்கீல் உட்கார்ந்திருந்தாள். முடிவாகும்வரை வகுப்புக்குப் போகக் கூடாது, அங்கேயேதான் உட்கார வேண்டும் என்று உத்தரவு. போகிறவர் வருகிறவரெல்லாம் பார்த்துக்கொண்டு போனார்கள். அறம் மேடம் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எப்படிம்மா திறந்த? என்கிட்ட சொல்லு."

"நீங்களும் மேசைக்கு அந்தப் பக்கம்தானே மேடம் உக்காந்திருந்தீங்க?"

அடி சரியான இடத்தில் விழுந்தது. "ஆமா," என்றார். "அப்பாவுக்குச் சொல்லிட்டாங்களா?"

"வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. கடையைப் பூட்டிட்டு வரணும் அவரு." பிய்ந்த நகத்தைத் தடவிக்கொண்டே, "உங்க ரெண்டாவது வகுப்பு ஞாபகம் இருக்கா மேடம்? நாங்க எல்லாம் தூங்கிட்டிருந்தோம். கைப்பை வரைஞ்சீங்க," என்றாள்.

"கைப்பையா?"

அலுவலக உதவியாளர் எட்டிப் பார்த்ததும் அவள் வாயை மூடிக்கொண்டாள்.

வீட்டில் அக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஊரார் பேச்சையெல்லாம் இணைத்து இணைத்துக் கொடுத்த காது என்பதால் பாதி சொல்லும்போதே மீதியைப் பிடித்துக்கொள்வாள்.

"கையெழுத்துப் போடப் போறியா?"

"தெரியல."

"என்னடி தெரியல? ஊருக்கெல்லாம் எது சரி எது தப்புன்னு பாடம் எடுக்கற. உனக்குன்னு வந்தா சிலபஸ்ல இல்லையா?"

"அக்கா, அவர் சொல்றதுல ஓட்டையே இல்ல. பாதுகாப்புக்காகப் பூட்டு, பூட்டைத் திறந்தா பாதுகாப்பு போச்சு. எங்க கைவைக்கறதுன்னே தெரியல."

"பிள்ளையையும் கிள்ளிட்டுத் தொட்டிலையும் ஆட்டறவன் தாலாட்டு நல்லாத்தான் பாடுவான்," என்றாள் அக்கா, கத்தியைக் கீழே வைக்காமலே. "நீ என்ன சுருதி சரியா இருக்கான்னு பாத்துட்டிருக்க."

அவர் எழுந்துபோய் முகம் கழுவினார். தண்ணீர் முகத்தில் பட்டபோதுதான் கைப்பை நினைவுக்கு வந்தது.

ஒவ்வொரு வருடமும் இரண்டாவது வகுப்பில் அவர் பலகையில் ஒரு பூட்டுப் படம் வரைவார். அவருக்குப் படம் வராது. பூட்டு என்று அவர் சொல்லும்வரை பிள்ளைகள் அதைக் கைப்பை என்றுதான் நினைப்பார்கள். சிரிப்பில் பாதிப் பேர் விழித்துக்கொள்வார்கள். பிறகு சொல்வார்: "ஒருத்தர் வாதம் பண்றாரு. 'ஆகையால்' 'ஆகையால்'னு ஒண்ணுமேல ஒண்ணா கோத்து ஒரு முடிவுக்கு வராரு. அந்த முடிவு இந்தப் பூட்டு. நமக்குப் பிடிக்கல. உடனே என்ன பண்றோம்? பூட்டைப் போட்டு உடைக்கறோம், முட்டிக்கறோம், கை வலிக்குது. நல்ல பூட்டு உடையாது. பூட்டைப் பாக்காதீங்க. பூட்டு எதுல தொங்குதுன்னு பாருங்க." வாதத்தின் முடிவு எவ்வளவு உறுதியாக இருந்தாலும், அது தொங்குவது ஆரம்பத்தில் யாரும் கேட்காமல் ஒப்புக்கொண்ட ஏதோ ஒரு வரியில்தான். அந்த வரி ஆடினால் பூட்டும் சங்கிலியும் அப்படியே கையோடு வந்துவிடும். இருபது வருடமாகச் சொல்கிறார். பரீட்சையில் ஐந்து மதிப்பெண் கேள்வியாகவும் கேட்கிறார்.

இருபது வருடமாகச் சொன்னவர், செய்தித்தாள்மேல் கிடந்த பூட்டைக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு துருவித் துருவிப் பார்த்திருக்கிறார்.

மறுநாள் காலை விடுதிக்குப் போனார். சம்பவ இடத்தைப் பார்க்கத் தலைவிக்கு உரிமை உண்டு. வார்டன் முன்னால் நடந்துகொண்டே புலம்பினார். "நான் என்ன மேடம் பண்ணுவேன்? பூட்டுன்னா பூட்டுவேன். மேலதிகாரிங்க சோதனைக்கு வந்தா கழட்டுன்னு சொல்லுவாங்க, கழட்டி என் கட்டிலுக்கு அடியில வெப்பேன். அவங்க கார் கேட்டைத் தாண்டினதும் மறுபடி மாட்டுவேன். சாவி என் இடுப்பை விட்டு இறங்குனதில்ல. பல்லு புடுங்கும்போதுகூட இடுப்புலதான் இருந்துச்சு. இப்ப பல்லும் போச்சு, வேலையும் போகப் போவுது." நடைபாதையில் ஈரத் துணி காயப்போட்ட ஒருத்தியைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டு அவளைத் திட்டப் போய்விட்டார்.

அறம் மேடம் கதவின் முன்னால் நின்றார். புதுப் பூட்டைப் பார்க்கவில்லை. சங்கிலியையும் பார்க்கவில்லை. சங்கிலி எதற்குள் கோத்திருக்கிறதோ அந்தக் கைப்பிடிகளைப் பார்த்தார்.

கதவுக்குப் பச்சை வண்ணம் அடித்திருந்தார்கள். சோதனைக்கு முன்னால் அடிக்கிற வண்ணம் எப்போதும் அவசர வண்ணம்தான். கதவு, கீல், கைப்பிடி, கைப்பிடியின் திருகாணி என்று எதையும் விட்டுவைக்காது. வலப்பக்கக் கைப்பிடியின் திருகாணித் தலைகளில் திருப்புளி பொருந்தும் வெட்டே தெரியவில்லை; வண்ணம் அடைத்துக்கொண்டு வெறும் பச்சைப் புள்ளிகளாக இருந்தன. இடப்பக்கக் கைப்பிடியில் நான்கு திருகாணிகளிலும் வெட்டு சுத்தமாக இருந்தது. உள்ளே இரும்பு மின்னியது. மேலே இரண்டு, கீழே இரண்டு. கதவை உள்ளேயிருந்து இழுப்பதற்கான கைப்பிடி, ஆகவே திருகாணிகளும் உள்பக்கம்தான். பூட்டு சங்கிலியைப் பிடித்திருக்கிறது, சங்கிலி கைப்பிடியைப் பிடித்திருக்கிறது, கைப்பிடியைக் கதவோடு பிடித்திருப்பது இந்த நான்கு. அவர் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து, அதன் விளிம்பை ஒரு வெட்டில் வைத்துத் திருப்பினார். நாணயம் சறுக்கவில்லை. அரைத் திருப்புக்குப் பிறகு விரலாலேயே சுழற்ற முடிந்தது. அந்த வக்கீல் பெண் என்றைக்கோ இதை முழுதாகக் கழற்றி, கைவிரலுக்கு வருகிற அளவுக்கு மட்டும் மறுபடி முடுக்கி வைத்திருக்கிறாள்.

ஒரு கணம் அவருக்குச் சிறுபிள்ளைபோலச் சந்தோஷமாக இருந்தது. ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளும்போது வருகிற சந்தோஷம். அடுத்த கணமே அது சுத்தமாக வடிந்துவிட்டது.

ஏனென்றால் மிச்சத்தையும் அவர் யோசித்தார். அந்தப் பெண் கைப்பிடியைக் கழற்றிக் கதவைத் தள்ளி எல்லாரையும் அனுப்பினாள். கடைசி ஆள் போனதும் அவளும் இரும்புப் படியில் இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. கதவை மூடினாள். முகத்தில் ஈரத் துண்டு, கண்ணில் புகை. தரையில் கிடந்த திருகாணிகளைத் தடவி எடுத்து, கைப்பிடியை வைத்து, நகம் பிய்யப் பிய்ய நான்கையும் முடுக்கினாள். பிறகு வேறு வழியில்லாமல் புகைக்குள் நடந்தாள். எதற்கு? அப்படியே விட்டிருந்தால் கழன்ற கைப்பிடியைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். பார்த்தால் அந்த வழியையும் அடைத்திருப்பார்கள். அடுத்த முறை புகை வரும்போது வழி இருக்க வேண்டும் என்பதற்காக அந்தப் புகைக்குள்ளேயே போனாள்.

முதல்வரை, வார்டனை, கணக்கு சாரை, மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அறம் மேடத்தை நம்புவதைவிட, அந்தப் பெண் புகையை நம்பினாள்.

அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோபம் திரும்ப வந்தது. இத்தனை வருடம் எத்தனை வகுப்புகளில் கோபம் என்பது யோசனையைக் கெடுக்கும் என்று சொல்லியிருக்கிறார். கெடுக்கவில்லை. இப்போதுதான் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. முதல்வரின் பூட்டு எதில் தொங்குகிறது என்றும் தெரிந்தது. 'உங்க பாதுகாப்புக்குத்தான்.' அந்த ஒரு வரியை யாரும் ஆட்டிப் பார்க்கவில்லை. பாதுகாப்புக்கான பூட்டு என்றால் சோதனைக்கு ஆள் வரும்போது ஏன் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறது?

திருகாணியைப் பழையபடி முடுக்கிவிட்டு நேராக மரப் பெஞ்சுக்குப் போனார்.

"இடப்பக்கக் கைப்பிடி," என்றார் மெதுவாக.

வக்கீல் முகம் வெளுத்தது. "யார்கிட்டயாவது சொல்லிட்டீங்களா?"

"இல்ல. நீ ஏன் சொல்லல? சொல்லியிருந்தா சாவிப் பேச்சே வந்திருக்காதே. வார்டனும் தப்பிச்சிருப்பாங்க."

"சொன்னா திருகாணித் தலையை மழுங்கடிச்சுடுவாங்க மேடம். இல்லன்னா கைப்பிடியையே கதவோட வெல்டிங் வெச்சுடுவாங்க. நான் போயிடுவேன். மத்தவங்க அங்கேயேதானே தூங்குவாங்க?"

"நான் சொல்லட்டுமா?"

"யார்கிட்ட?"

"எல்லார்கிட்டயும். ஒருத்திக்கு மட்டும் தெரிஞ்சா அது உன் குத்தம். ஊருக்கே தெரிஞ்சா அது கதவோட குத்தம். அவங்க திருகாணியை மாத்தட்டும். மாத்தறதுக்கு ஆள் வரணும், ஏன் மாத்தறீங்கன்னு ஒருத்தர் கேக்கணும். ஒவ்வொரு தடவை அடைக்கும்போதும் அந்தக் கதவு பூட்டிக் கெடக்குன்னு அவங்க வாயாலயே சொன்ன மாதிரிதான்." பிறகு, "ஆனா உன் வழி இது. நீ வேணாம்னா நான் வாயைத் திறக்க மாட்டேன்," என்றார்.

வக்கீல் எதிர்ச்சுவரைப் பார்த்தாள். அவள் மனதுக்குள் யாரையோ குறுக்கு விசாரணை செய்வதுபோல இருந்தது. "சொல்லுங்க மேடம்," என்றாள் கடைசியில். "ஆனா புரியற மாதிரி சொல்லுங்க. படம் மட்டும் வரையாதீங்க."

வெள்ளிக்கிழமை காலை முதல்வர் முடிவைத் தயாராகத் தட்டச்சு செய்து வைத்திருந்தார். கணக்கு சார் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார், ரொம்பச் சின்னதாக. வெளியே பெஞ்சில் வக்கீலின் அப்பா, மகள் பக்கத்தில், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார்.

"சாவி யாரும் குடுக்கல சார்," என்றார் அறம் மேடம், பேனா மூடியைத் திறக்காமல். "சாவியே தேவைப்படல."

"அப்ப எப்படி?"

"மதியம் வகுப்புல சொல்றேன். நீங்களும் வாங்க, பின்னாடி இடம் இருக்கும். சாப்பாட்டுக்கு அடுத்த மணி. தூக்கம் வராம நான் பாத்துக்கறேன்."

"விடுதி விஷயத்தை வகுப்புல பேசக் கூடாதுன்னு சுற்றறிக்கை விட்டிருக்கேன்."

"படிச்சேன். அவசரத்துல சுற்றறிக்கையை மீறக் கூடாதுன்னு நம்ம கல்லூரி விதிகள்ல எங்கயும் போடல. அதையும் தேடிப் பாத்துட்டேன்."

"மேடம்," முதல்வரின் குரல் இன்னும் கனிவாகத்தான் இருந்தது. "உங்க பேரு மேல போயிருக்கு. ஞாபகம் வெச்சுக்கங்க."

"திரும்பி வந்தா சொல்லி அனுப்புங்க சார். இதுல ஒரே ஒரு கேள்வி மட்டும் எனக்கு நெருடுது. உங்களுக்கும் ஒரு பொண்ணு இருக்காளே, அவ இந்த மாதிரி பூட்டுன மாடியிலயா தூங்கறா?"

முதன்முறையாக அந்த முகத்தில் கோபம் வந்தது. அது வந்ததைப் பார்க்க அவருக்கு நிறைவாக இருந்தது. அதை மறைக்கவும் அவர் முயலவில்லை. கையெழுத்துப் போடாத தாளை மேசையிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தார். பெஞ்சின் முன்னால் நின்று, "ஐயா, நீங்களும் வாங்க. இன்னிக்கு உங்க பொண்ணு கண்டுபிடிச்சதுதான் பாடம்," என்று அப்பாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு போனார்.

பெரிய கூடத்தில் வழக்கமான மதிய மந்தம். மின்விசிறிகள் சுற்றின. விடுதிப் பெண்கள் இடப்பக்க வரிசைகளில் உட்கார்ந்திருந்தார்கள். வக்கீல் உள்ளே வந்ததும் சலசலப்பு எழுந்தது, அவள் அப்பாவைப் பார்த்ததும் அடங்கியது. அறம் மேடம் வருகைப் பதிவு எடுக்கவில்லை. சுண்ணக்கட்டியை எடுத்தார். பின்கதவு திறந்தது, முதல்வரும் அவருக்குப் பின்னால் வார்டனும் வந்து நின்றார்கள். மேடம் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி பலகைப் பக்கம் திரும்பினார். படம் எதுவும் வரையவில்லை.

"எல்லாரும் எழுதிக்கங்க," என்றார். "வீட்டுக்குப் போனதும் தங்கச்சிக்குச் சொல்லிக் குடுங்க. வேற விடுதியில இருக்கற தோழிக்கும் சொல்லிக் குடுங்க. மாடியில சங்கிலி போட்ட கதவு இருந்தா, திறக்கறது இப்படித்தான்."

பிறகு, கடைசி வரிசைக்கும் தெரிகிற மாதிரி பெரிய எழுத்தில், ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்:

பூட்டைத் தொட வேண்டாம். சங்கிலியை இழுக்க வேண்டாம். இடப்பக்கக் கைப்பிடியில் நான்கு திருகாணிகள் இருக்கின்றன, மேலே இரண்டு, கீழே இரண்டு. வெட்டில் வண்ணம் அடைத்திருந்தால் ஊசியால் சுரண்டவும். ஒரு நாணயத்தின் விளிம்பை வெட்டில் வைத்து இடப்பக்கமாகத் திருப்பவும். நான்கும் கழன்றதும் கைப்பிடி சங்கிலியோடு தொங்கிவிடும். கதவை வெளிப்பக்கம் தள்ளவும்.